ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

எங்கள் மகள் ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். ஐம்பதுகளின் நடுவில் அது. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை.

தொற்றுக் காய்ச்சல் என்று அவளைத் தனி வார்டில் போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் உள்ளே விட முடியாது என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் மேலே போனார். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நான் போவதாகப் பேச்சு. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பெண்கள் போவது வழக்கமில்லை. ஆண்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் குளித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில நாளில் அவளுடைய கவுன், சிலேட்டு, ரப்பர்ச் செருப்பு எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "கண்ணுல பட்டா நீ அழுவே," என்றார். அதோடு சரி. மகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பக்கத்து அறைக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான். அடுத்தது பிறந்தால் ஆறிவிடும் என்றார்கள். பிறக்கவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று கிளம்ப ஆரம்பித்தார். பெற்ற பிள்ளையை இவ்வளவு சீக்கிரம் மறக்க முடிகிறதே என்று எனக்கு மனம் கசந்துபோனது. சோறு போடும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவரும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது.

எனக்குத் தூக்கம் போனது. எந்நேரமும் தலைவலி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வெளியே மாட்டிக்கொண்டால் போச்சு. கையில் கீரைக்கட்டோடு ஏதாவது ஒரு கடை வாசலில் நின்றுவிடுவேன், கால் நகராது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பினார். பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்களோ என்று பயந்துகொண்டே போனேன்.

வேதக்காரத் தமிழ் அம்மா அவர், கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். தலைவலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு முழுக்க அழுதுவிட்டு வந்தேன். அழாதே என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன். மகளைப் பற்றிச் சொன்னேன், இவரைப் பற்றியும் குறை குறையாகச் சொன்னேன். ஒருநாள் இவரையும் அழைத்துவரச் சொன்னார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வந்தவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாதா என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வேலை இல்லீங்க," என்றார் இவர். "பிடாடாரிக்குப் போறேன். பாப்பாவைப் புதைச்ச இடத்துக்கு."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்த அம்மாதான் கேட்டார். "இவ தாங்கமாட்டான்னு நெனச்சேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துப் போனார். நாங்கள் குடியிருந்த பக்கத்திலிருந்து சிராங்கூன் ரோட்டோடு பஸ்ஸில் நேராகப் போய் இறங்கினோம். இவ்வளவு கிட்டத்திலா இருந்தாள் என்று இருந்தது. சின்ன மண்மேடு. சுற்றிலும் அவரே சிமெண்ட் வைத்துக் கட்டியிருந்தார். புல் மண்டாமல் துப்புரவாக இருந்தது. அத்தனை வருஷமும் நெஞ்சில் அடைத்துக் கிடந்ததை அங்கேதான் கேட்டேன். கடைசியில் என்னைத் தேடினாளா?

அவர் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். "தேடுச்சு. அம்மா கீழதான் இருக்காங்க, நாளைக்கு வருவாங்கன்னேன். சரிப்பான்னுட்டுத் தூங்கிருச்சு."

அந்த வார்த்தையை அவர் ஒருத்தராகவே சுமந்திருக்கிறார். அதை அப்போதே கேட்டிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன், நிஜம். ஆனால் அவரோடு சேர்ந்து உடைந்திருப்பேன்.

பிறகு நிறையப் பேசினோம். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் வயது போய்விட்டது. இன்னொரு பிள்ளை, சேர்ந்து சிரித்த ஒரு தீபாவளி எல்லாம் அந்த மௌனத்தோடு போனது போனதுதான். ஒருநாள் அந்த அம்மாவிடம், இதை யாராவது அப்போதே எங்களிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று ஆற்றாமையோடு சொன்னேன்.

"கேட்டிருக்கணும்மா," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.