அப்பா வழி ரத்தம்

அக்கா மார்புப் புற்றுநோயில் இறந்தபோது, "இவ ரத்தத்துல வந்த வெசம்" என்று துக்க வீட்டிலேயே அம்மாவைக் காட்டிச் சொன்னார் அத்தை, அப்பாவின் தங்கை. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் புற்றுநோய் ஆராய்ச்சிக்கே போனேன்.

மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த அக்காவின் திசுவையும் எங்கள் ரத்தத்தையும் ஆய்வகத்தில் பரிசோதித்தோம். ஒரு மரபணுவில் சிறு பிழை; அதனால் அதிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ. தவறாக வெட்டப்பட்டு, புற்றைத் தடுக்க வேண்டிய புரதம் சரியாக உருவாகவில்லை. அந்தப் பிழை அக்காவுக்கு அப்பாவிடமிருந்து வந்திருந்தது. அம்மாவிடம் இல்லை. நான் தப்பியிருந்தேன்.

அம்மாவை அழைத்துக்கொண்டு, அத்தையின் மலையூரான புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறினேன். உறவெல்லாம் கூடியிருந்த காதுகுத்து வீட்டில் சத்தமாகச் சொன்னேன். "அத்த, வெசம் எங்கம்மாகிட்ட இல்ல. உங்க வூட்டு ரத்தத்துலதான் இருக்குது."

அத்தையின் முகம் வெளிறியது. இத்தனை வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. ஆனால் அவர் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"அப்ப இவளுக்கு இன்னா ஆவும்? நீயே பாத்து சொல்லும்மா."

"மொதல்ல எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க."

எல்லோர் முன்னாலும் அத்தை அம்மாவின் காலில் விழுந்தார். அம்மா அவரைத் தூக்கிவிடவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து, "ரத்தம் எடு" என்றார் என்னிடம்.

அவளுக்கும் அந்தப் பிழை இருக்கிறது. நோய் இன்னும் வரவில்லை. தவறாமல் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அத்தையை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.