நான் வாசிக்காத தாளம்

எங்கள் இசைக்குழுவைப் பற்றி வந்த முதல் விமர்சனத்தை, எங்கள் ஊரான உசிலம்பட்டிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் செல்போன். சென்னையிலிருந்து நடத்தப்படும் இணைய இசை இதழ் அது. எழுதியவர் அந்த வட்டாரத்தில் பெரிய ஆள். பேர்பெற்ற குழுக்களையே ஒற்றை வரியில் ஒதுக்கிவிடுவார் என்று சொல்வார்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்கு மதுரை வந்தவர், பைபாஸ் ரோட்டில் ஒரு காபிக் கடை மாடியில் நாங்கள் வாசித்ததைத் தற்செயலாகக் கேட்டிருக்கிறார். மதுரையில் மாற்று ராக் பாடும் ஒரு குழு பிறந்துவிட்டது, இனி இவர்களைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்று எழுதியிருந்தார்.

பாடகனின் குரலையும் பாட்டு வரிகளையும் பாராட்டிவிட்டு, டிரம்ஸுக்கு வந்திருந்தார். டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணின் இடது கை ஒவ்வொரு அடியையும் இமைக்கும் நேரம் தாமதமாகப் போடுகிறது, பாட்டு மூச்சு விடுவது அந்த இடத்தில்தான், இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று இருந்தது. செக்கானூரணி தாண்டும்வரை அந்தப் பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா தாயி என்று கேட்டார். என் கண்ணில் தண்ணீர் நின்றிருக்கிறது.

அந்தத் தாமதம் நான் தெரிந்து செய்ததல்ல. எனக்கு வாத்தியார் யாரும் கிடையாது. கல்லூரி இசை மன்றத்தில் தூசி படிந்து கிடந்த டிரம்ஸை வீடியோ பார்த்துப் பார்த்து நானே தட்டிப் பழகினேன். என் இடது கை எப்போதும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விழும். திருத்தப் பார்த்தும் திருந்தவில்லை. அந்தக் கையைத்தான் ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார்.

நாங்கள் மூன்று பேர். பாடகன் என் கல்லூரித் தோழன், வாடிப்பட்டிக்காரன். பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுவான். வேலைக்கான பரீட்சையை எழுதிக்கொண்டே வயசாகிறவர்கள், ரிங் ரோட்டு வெயில், மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று அவன் பாட்டுகளில் எங்களுக்குத் தெரிந்த மனிதர்களே வருவார்கள். ஆம்பளைப் பையன்களைக் கூப்பிடுவதுபோல என்னையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவான். பேஸ் கிட்டார் வாசித்தவர் எங்களைவிட மூத்தவர், நகரத்துக்குள் ஜவுளிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அவரை நாங்கள் அண்ணே என்போம்.

ஒத்திகைக்கு இடம் பரவையில் ஒரு வெங்காய குடோன். பாடகனின் மாமாவுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோடு வராது என்பதால் சாவியைக் கொடுத்துவிடுவார். நான் காலால் பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் தரையில் கிடக்கும் வெங்காயச் சருகு எழும்பி எழும்பி விழும். வீட்டுக்குப் போனால் தலைமுடியெல்லாம் வெங்காய வாடை. அம்மா வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு வரச் சொல்வாள். டிரம்ஸ் அடிக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவள் கவலை. அப்பாவுக்கு மழையும் மாடும் போக மீதிக் கவலைக்கு நேரம் இல்லை.

விமர்சனம் வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதுவரை எங்கள் கச்சேரிகளில் யாராவது ஒருவர் சினிமாப் பாட்டு பாடச் சொல்லிக் கத்திக்கொண்டே இருப்பார். இப்போது எங்கள் பாட்டையே கூடச் சேர்ந்து பாடினார்கள். கோயம்புத்தூரில் வாசித்தோம், புதுச்சேரியில் வாசித்தோம். வேறு இரண்டு விமர்சகர்களும் எங்களைப் பற்றி எழுதினார்கள். இந்தக் குழுவை நேரில் கேட்க வேண்டும், மேடையில் இவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான். பாடகன் ஒரு வரியை இழுத்தால் நான் காத்திருப்பேன். நான் நிறுத்தினால் அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் நம்பியிருந்தேன்.

ஆல்பம் பதிவுசெய்யச் சென்னை போனோம். ஒலிப்பதிவாளர் முதலில் டிரம்ஸை முடித்துவிடலாம் என்றார். காதில் ஹெட்போனை மாட்டி, அதற்குள் கடிகாரம்போல ஒரே சீராக டிக் டிக் என்று ஓடவிட்டார். அதோடு ஒட்டி வாசிக்க வேண்டும். முதல் நாள் தடுமாறினேன். மறுநாள் வந்துவிட்டது. எல்லாப் பாட்டையும் வாசித்து முடித்தபோது பாடகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் மதுரையில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். அதற்கு மேல் லீவு இல்லாததால் கிளம்பிவிட்டேன். அவர்கள் இருவரும் கிட்டாருக்கும் குரலுக்கும் தங்கினார்கள். எழும்பூரில் என்னை ரயில் ஏற்றிவிட்டுத்தான் போனார்கள்.

ஆல்பம் இணையத்தில் வெளியான அன்று, சாப்பாட்டு நேரத்தில் ஷோரூமின் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் போய் உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டு கேட்கும்போது பூரித்துப் போயிருந்தேன், எதுவும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் என் இடது கையைத் தேடினேன். இல்லை. அடிகள் எல்லாம் கோடு போட்டதுபோலச் சரியாக விழுந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் நேராக்கியிருப்பார்கள் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது பாட்டின் முடிவில் ஒரு உருட்டல் வந்தது. சின்ன டிரம்மில் தொடங்கிப் பெரிய டிரம்வரை படபடவென்று இறங்கி, நான் தொட்டே பார்க்காத ஒரு வகை சிம்பல் தட்டில் போய் முடிந்தது. அப்படி ஒன்றை நான் வாசித்ததே இல்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். மூணாவது பாட்டுல வாசிச்சது யாருண்ணே என்று கேட்டேன்.

"நீ கேட்டதும் கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும்மா," என்றார். "நானே முன்னாடி சொல்லியிருக்கணும்."

மூன்றாவது பாட்டு மட்டுமல்ல. நான் ரயில் ஏறிய மறுநாள், ஒலிப்பதிவாளர் சினிமாவுக்கு வாசிக்கும் ஒருவரை வரவழைத்திருக்கிறார். எல்லாப் பாட்டையும் அவர் ஒரே மத்தியானத்தில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். பாடகன் சரி என்றிருக்கிறான். அண்ணன் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடோனில் சேர்ந்து வாசித்தோம். நடுவில் ரம்ஜான் வந்தது, அண்ணன் வீட்டில் மூவரும் ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்டோம். ஆல்பம் எப்போ வரும், எப்போ வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் இருவரும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடகனிடம் நேரில் கேட்டேன். கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நீ வாசிக்கிறது மேடைக்குச் சரி மாப்ள. ரெக்கார்டிங்ல தப்பா வாசிச்ச மாதிரி கேக்குது. அம்புட்டுத்தான்."

"அத எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ அழுவ. உம் பேரத்தான போட்டிருக்கு? வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது."

அதை அவன் எனக்குச் செய்த உதவியாகத்தான் நினைத்திருந்தான். அந்தச் சந்தோஷம் அவன் குரலிலேயே இருந்தது. நான் வாசித்ததையாவது எனக்கு அனுப்பச் சொல் என்றேன். இடம் போதவில்லை என்று ஒலிப்பதிவாளர் அழித்துவிட்டாராம். அதையும் அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சென்னைக்குப் போய் நான் வாசித்ததற்கு எங்கேயும் தடயம் இல்லாமல் போனது. அண்ணன் குடோன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அதே விமர்சகர் ஆல்பத்தைப் பற்றி எழுதினார். முதல் விமர்சனத்தைவிடப் பெரியது. மேடையில் கேட்ட குழு ஒலிப்பதிவில் இன்னும் வளர்ந்திருக்கிறது என்றார். என் பேரைப் போட்டு, இந்தப் பெண்ணின் முதிர்ச்சி ஆச்சரியமளிக்கிறது, இத்தனை துல்லியம் இந்த வயதில் அபூர்வம் என்றார். மூன்றாவது பாட்டின் அந்த உருட்டலுக்குத் தனியாக ஒரு பத்தி.

ஷோரூமில் மேனேஜர் கேக் வாங்கி வெட்டினார். மதுரையில் இருக்கும் சித்தி மகன் அந்த விமர்சனத்தை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா நாட்டுக்கோழி அடித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"எம்புட்டு எழுதியிருக்காக ஒன்னயப் பத்தி," என்றாள். "நாந்தேன் தெரியாமப் பேசிப்புட்டேன் ஆத்தா."

அத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து நான் கேட்க நினைத்த வார்த்தை அது. குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டேன். அது நான் வாசித்ததில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை என்பது பாதிதான். சொன்னால், அப்போ நீ சரியா வாசிக்கலையா என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம் மீதி.

ஆல்பம் வெளியீட்டுக் கச்சேரி மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு சாயங்கால வேளையில் ஏற்பாடாகியிருந்தது. வருகிறவர்கள் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வருவார்கள், அதில் இருக்கிறதுபோலவே வாசிக்க வேண்டும் என்று பாடகன் சொல்லியனுப்பினான். அண்ணன் மூலமாகத்தான் சொன்னான். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. இரண்டு வாரம் வேலை முடிந்ததும் பரவைக்குப் போய், முகம் தெரியாத அந்த ஆள் வாசித்ததை ஒவ்வொரு அடியாகக் கேட்டுப் பழகினேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வந்துவிட்டது. அந்த உருட்டல்கூட வந்துவிட்டது. அது வந்த அன்றுதான் குடோனில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பழகியிருப்பேன். கேட்கும் அளவுக்குக்கூட அவர்கள் என்னை மதிக்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆல்பத்தில் உள்ளதுபோலவே வாசித்தேன். ஒரு இடத்திலும் காத்திருக்கவில்லை, நிறுத்தவில்லை. பாடகன் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் சிம்பலைப் பார்த்துக்கொண்டேன். கைதட்டல் பலமாக இருந்தது.

முடிந்ததும் விமர்சகர் மேடைக்குப் பின்னால் வந்தார். அதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒலிப்பதிவில் கேட்டதுபோலவே இருந்தது என்றார். அவர் கண்ணில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. பொய் சொன்ன மற்றவர்களைப்போல இவர் இல்லை, இவருக்கு இசை தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் சொல்லிவிட்டேன்.

"சார், ஆல்பத்துல வாசிச்சது நான் இல்ல. வேற ஆளு. நீங்க மொதல்ல எழுதினீங்கள்ல, அதுதான் நான்."

அவர் என் கையை மெதுவாக விட்டார். சுற்றிலும் பார்த்தார். பாடகன் தள்ளி நின்று யாருடனோ படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இத வெளிய பேச வேண்டாம்மா," என்றார். "இப்பத்தான் உங்க குழுவுக்கு ஒரு வெளிச்சம் வந்திருக்கு. நானும் எழுதிட்டேன்."

அவர் சொன்னதில் கடைசி வார்த்தைதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. இடது கை தாமதமாக விழுகிறது என்று முதலில் கேட்டுச் சொன்னவர் அவர். அது இல்லாமல் போனது மட்டும் அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும், இப்போது எழுத மாட்டார். பாடகன் செய்ததைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

அதன் பிறகு நான் பரவைக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அண்ணன் மட்டும் ஒருநாள் ஷோரூமுக்கு வந்து, வண்டியை சர்வீஸுக்கு விடுவதுபோல நின்றார். மன்னிச்சுரும்மா என்றார். சரிண்ணே என்று சொல்லி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. இப்போது குழு சென்னையில் இருக்கிறது. என் இடத்தில் ஒரு பையன் வாசிக்கிறான், நன்றாகவே வாசிக்கிறான். ஆல்பத்தில் என் பேர் அப்படியே இருக்கிறது, விமர்சனத்திலும் இருக்கிறது. புதிதாக அறிமுகமாகிறவர்கள் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்து பாராட்டுகிறார்கள். முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். யாரும் நம்புவதில்லை, தன்னடக்கம் என்கிறார்கள்.

போன ஆடி மாதம், கவுண்டரில் கூட்டமாக இருந்த நேரத்தில் பாடகன் போன் செய்தான். பெங்களூரில் ஒரு பெரிய விழா, அந்தப் பையனுக்குக் கை ஒடிந்துவிட்டது, எல்லாப் பாட்டும் தெரிந்தவள் நீதான், வந்துவிடு என்றான். நடுவில் எதுவுமே நடக்காததுபோல இருந்தது பேச்சு.

"எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது," என்றேன்.

அவன் சிரித்தான், விளையாடாத என்றான். விளையாடவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரில் நின்றவர் பிரேக் பிடிக்கவில்லை என்று இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம், முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளாமல், அதையே இன்னொரு முறை கேட்டேன்.