சூட்டில் கிளம்பாத வண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உதவி மானேஜரான வெள்ளைக்காரச் சின்னத்துரை 1948 கடைசியில் சீமைக்குக் கப்பலேறியபோது, தன் மோட்டார் சைக்கிளைத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். ஓட்டத் தெரிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னாராம். அப்படி யாரும் தோட்டத்தில் இல்லை. ஆபீஸில் இளைய கிளாக்கராக இருந்த எனக்கும் ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்பேனர்கள் கிடந்த ஆயுதப் பெட்டிக்குள் அந்த வண்டியின் கைப்புத்தகம் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. எந்தப் புத்தகம் கிடைத்தாலும் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற பழக்கம் எனக்கு. வாசித்தேன், மானேஜரான பெரியதுரையிடம் கேட்டேன், வண்டி என்னுடையதாயிற்று.

யுத்தத்துக்கு முந்திய, நீண்ட பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. பெரிய டாங்கி, அகலமான சீட்டு, பின்சக்கரத்தின் இரு பக்கமும் தோல் பைகள். ஒரு பைக்குள் இலங்கைப் படம் ஒன்று மடிந்திருந்தது. அதில் திருகோணமலை வரைக்கும், மறுபக்கம் காலி வரைக்கும் பென்சில் கோடுகள் ஓடின. நான் அந்த வண்டியில் போனதெல்லாம் குவாட்டர்ஸிலிருந்து ஆபீஸுக்கு, ஆபீஸிலிருந்து தொழிற்சாலைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசைக்கு அக்கரப்பத்தனை வரைக்கும். டயகமைக்கு மேலே எங்கள் தோட்டத்தோடு ரோடு முடிந்துவிடும். ஓர் இரவு வெளியில் தங்குவதானாலும் பெரியதுரையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

ஓடியதைவிட அதைப் பிரித்துப் பூட்டிய நேரமே அதிகம். கிளச்சுக்குள் இருந்த தக்கைகள் தேய்ந்துபோனபோது, ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல்களின் தக்கைகளை வாங்கி, பிளேடால் ஒரே கனத்துக்குச் சீவி அடித்துப் பொருத்தினேன். எண்ணெய் கசிகிற இடங்களுக்குத் தேயிலைப் பெட்டிக்குள் போடும் தடித்த தாளை வெட்டி வைத்தேன். சங்கிலியைக் கழற்றி, பழைய தகரத்தில் கிரீஸைக் காய்ச்சி அதற்குள் ஊற வைப்பேன். தேயிலைப் பக்குவத்தைக் கவனிக்கிற எங்கள் டீமேக்கர் தொழிற்சாலை வாசலில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார்.

"என்ன கிளாக்கரே, இன்னைக்கும் கொடல உருவிப் போட்டாச்சா? பேசாம ஒரு மாட்டக் கட்டியிருக்கலாம். பாலாவது கெடைக்கும்."

வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது இரண்டாம் உதையில் கிளம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால், ஆறுகிறவரை என்ன உதைத்தாலும் கிளம்பாது. இறக்கத்தில் உருட்டிவிட்டால் சில வேளை பிடித்துக்கொள்ளும். பொறியை உண்டாக்குகிற மெக்னீட்டோவில்தான் குறை என்பது புத்தகத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைக் கண்டிக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. தவிர, எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பனியையும் ஈரத்தையும்தான் குற்றம் சொல்வோம்.

வேறு ஊரில் இந்த நோயோடு காலம் தள்ளிவிடலாம். எங்கள் தோட்டத்தில் வண்டியை நிறுத்தாமல் எங்கும் போக முடியாது. பெரியதுரையின் வீட்டருகே ரோடு வளைகிற பங்களா முடக்கில் எஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது என்பது அவர் கட்டளை. அங்கே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போக வேண்டும். துரையின் கார் எதிரே வந்தால் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, ஓரமாக நிற்க வேண்டும். இது யாரும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. தொழிலாளர்கள் குடையை மடக்குவார்கள், தலைப்பாகையை எடுப்பார்கள், சைக்கிள்காரன் இறங்குவான், நானும் இறங்குவேன். துரை ஒருபோதும் எங்களைத் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.

1954இல் என் அப்பாவைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைத்தார்கள். சுதந்திரம் வந்த வருடத்தில் இயற்றிய சட்டத்தால் தோட்டத்து மக்கள் எந்த நாட்டுக்காரரும் அல்லாமல் போயிருந்தோம். நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்ததை நிரூபிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு இன்னொரு சட்டம் வந்தது. அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார். அழைத்த நாளில் நுவரெலியாவில் நேரில் நிற்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. தள்ளுபடியானால் என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்கு அக்கரையில் மிஞ்சியிருந்தது ஊரின் பெயர் மட்டும்தான்.

திகதிகளில் எனக்குப் பைத்தியம் உண்டு. அப்பாவுக்குத் திகதியே கிடையாது. பல மாலைகள் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"இந்த ஊருக்கு எப்ப வந்தீங்கன்னு கேப்பாங்க."

"ஆள் புடிக்க வந்த பெரிய கங்காணி கூட்டியாந்தாரு."

"எந்த வருஷம்?"

"ஊர்ல வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்து பொணமா விழுந்துச்சுல்ல, அந்த வருஷம். கப்பல் ஏத்துறதுக்கு முன்ன மண்டபம் காம்புல மருந்து அடிச்சு அடச்சு வச்சாங்க."

அது 1918 என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன். அப்பா அதை ஜெபம் போலச் சொல்லிப் பழகினார்.

அது ஜூலை மாதம். விடாத மழையில் அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. மண்மேட்டின் ஓரமாகக் கார் போக மட்டும் வழியிருந்தது, அந்தச் சேற்றில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கலாம் என்றார்கள். எனக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. வழியில் ஈரம் தொந்தரவு தரக்கூடாதென்று முதல் நாளே மெக்னீட்டோவைக் கழற்றி டீமேக்கரிடம் கொடுத்தேன்.

"ரெண்டு தட்டுத் தேயிலையோட இதையும் வாட்டி எடுத்துட்டா எல்லாம் சரியாப் போகும்," என்று சொல்லி, அவர் அதைத் தேயிலை காயவைக்கும் அடுப்பறையில் தூக்கி வைத்தார். சாயங்காலம் எடுத்தபோது தொட முடியாத சூடு. எங்கள் இருவருக்கும் பரம திருப்தி.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். அப்பா என் கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "என்னா மாமா, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு? பொண்ணு பாக்கவா?"

"ஆமா. கவுர்மெண்டு பொண்ணு தருதாம்," என்றார் அப்பா.

பங்களா முடக்கில் எஞ்சினை அணைத்து உருட்டினோம். அதற்குள் வண்டி சூடாகியிருக்கவில்லை, இறக்கத்தில் உடனே பிடித்துக்கொண்டது. துரையின் கார் அங்கே இல்லை. முந்திய மாலை நுவரெலியா கிளப்புக்குப் போனவர் காலையில் திரும்புவார் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மண்சரிவில் எஞ்சினை அணைக்காமலே வண்டியைத் தள்ளிக் கடந்தோம். லிந்துலை தாண்டினோம். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. இப்படியே திருகோணமலைக்கும் போகலாம் என்று தோன்றியது.

நானுஓயா ஏற்றத்துக்கு முன்னால் ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கிச் சிறிய பாலம் ஒன்றைக் கடக்கும். பாலத்தை நெருங்கும்போது எதிர் மேட்டிலிருந்து பனிக்குள் இரண்டு விளக்குகள் இறங்கி வந்தன. பின்னால் கறுத்த, நீளமான கார். எங்கள் துரையின் கார்.

அது அரசாங்க ரோடு. தோட்டத்து எல்லை எங்கோ பின்னால் போயிருந்தது. நான் யோசிக்கவில்லை. என் கை எஞ்சினை அணைத்துவிட்டது. வண்டி முழுதாக நிற்குமுன் அப்பா இறங்கித் தலைப்பாகையைக் கையில் எடுத்துவிட்டார். இருவரும் பாலத்துக் கட்டையோரம் நின்றோம்.

கார் கடந்தது. உள்ளே கொழும்புப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள் போலும். பின் கண்ணாடியில் ஒரு குழந்தை எங்களுக்குக் கை காட்டியது.

அப்பா காரின் பின்னால் இரண்டடி நடந்து பார்த்தார். "நம்ம தொர இல்லையேப்பா."

"இல்லீங்கப்பா."

"கார் அதே கார்தான்."

"அதே மாதிரிக் கார்."

"சரி விடு. போட்ட சலாம் போட்டதுதான்," என்று தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறினார்.

உதைத்தேன். எஞ்சின் இருமக்கூட இல்லை. மெக்னீட்டோவைத் தொட்டபோது விரல் சுட்டது. முன்னாலும் ஏற்றம், பின்னாலும் ஏற்றம்; உருட்டிவிட இறக்கமில்லை. அப்பாவின் தோள்துண்டைப் மலையிலிருந்து பக்கத்துப் பீலியில் வழிந்த தண்ணீரில் நனைத்து மெக்னீட்டோவைச் சுற்றினேன். துணியிலிருந்து ஆவி எழுந்தது. மறுபடி நனைத்தேன்.

"தள்ளிக்கிட்டே போயிருவமா?" என்றார் அப்பா.

"நுவரெலியா வரைக்குமா?"

"நான் ஏறாத ஏத்தமா?"

மேட்டை நோக்கித் தள்ளினோம். பாதி வழியில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஒரு வாகனத்துக்காகக் காத்து நின்றோம். அடர்ந்த பனிக்குள் ரோடு இரண்டு பக்கமும் சில முழத்தில் முடிந்துபோனது போலிருந்தது. எங்கோ கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது. மேல்நோக்கி ஒரு வாகனமும் வரவில்லை. அப்பா கல்லின் மேல் உட்கார்ந்து, கேட்பவர் யாரும் இல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.

எஞ்சின் ஆறிக் கிளம்பியபோது பனியும் விலகியிருந்தது. விசாரணை நடந்த மண்டபத்து வாசலில் நின்ற பியூன் அப்பாவின் பெயரைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கூப்பிட்டாச்சு. மூணு தரம் கூப்பிட்டாச்சு. ஐயா வேற ஆளப் பாக்குறாரு. எழுதிப் போடுங்க, வேற திகதி தந்தா வாங்க."

எழுதிப் போட்டேன். மெக்னீட்டோவையும் கண்டிக்கு அனுப்பினேன். திரும்ப வாங்கப் போனபோது அந்தக் கடைக்காரர் பழைய கம்பிச் சுருளை நீட்டினார். அதன் அரக்குப் பூச்சு உருகி வழிந்து இறுகியிருந்தது. "இத அடுப்புல வச்சீங்களா?" என்று கேட்டார். தேயிலையோடு வாட்டியதை அவரிடம் எப்படிச் சொல்வது? எல்லாம் பனியால்தான் என்றேன். புதிய சுருளோடு வண்டி சூட்டிலும் ஒரே உதையில் கிளம்பியது. ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உதைத்துப் பார்ப்பேன். அப்பாவும் வந்து நின்று பார்ப்பார்.

அடுத்த பெப்ரவரியில் வேறு திகதி கிடைத்தது. பனியில்லாத காலை. எந்தக் காரும் எதிரே வரவில்லை. மண்டபம் திறக்குமுன்பே போய்ச் சேர்ந்தோம். என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள், வாய் திறக்கக்கூடாது. அப்பா எல்லா வருடங்களையும் பிழையில்லாமல் சொன்னார். பிறகு அதிகாரி தாளைப் புரட்டி, நான் பாடத்தில் சேர்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"முதல் தடவை ஏன் வரவில்லை?"

"வந்தோமுங்க. வழியில கார் ஒண்ணு வந்துச்சுங்க."

"மோதிவிட்டதா?"

"இல்லீங்க. எறங்கி நின்னோமுங்க."

"எதற்கு?"

"தொர கார்னு நெனச்சோமுங்க."

"துரை உங்களை நிறுத்தினாரா?"

"அது தொர இல்லீங்க."

மொழிபெயர்ப்பாளர் அப்பாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பதில் அந்த வருடக் கடைசியில் வந்தது. முதல் விசாரணைக்கு வராததற்குப் போதிய காரணம் காட்டப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கொட்டகையில் நின்று அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நெசத்தத்தானப்பா சொன்னேன்," என்றார்.

"ஆமாங்கப்பா."

"அது பத்தலையாமா?"

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வெறும் பாரம்தானே என்று பின்சீட்டின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன். ஒன்று வெளியே வந்துவிட்டது. அப்பா சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தவர், என் கையைப் பார்த்து நின்றார்.

"அத ஏன் கழட்டுற? இருக்கட்டும். இன்னொரு தடவ கூப்பிட்டா எதுல போறது?"

கழற்றிய திருகாணிக்குக் கிரீஸ் பூசி மறுபடி முடுக்கினேன். அவர் சாக்கைப் பழையபடி சீட்டின் மேல் போட்டுவிட்டு லயத்துக்கு நடந்தார். இந்தியா, இலங்கை இரு நாட்டுப் பிரதமர்களும் எங்களைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்த 1964இலும் அந்தச் சீட்டு அங்கேயே இருந்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. பங்களா முடக்கில் மட்டும் அணைத்துவிட்டுத்தான் உருட்டினோம்.