நான் எழுதாமல் விட்ட பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமுமாக நற்கருணை எடுப்பவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் தங்கள் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். முன்பு நேரில் வந்து கொடுத்தார்கள், இப்போது போனில் சொல்கிறார்கள். பதினொரு வருடம் அந்தப் பெயர்ப் புத்தகம் என்னிடம் இருந்தது. நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகத்தான் கொடுத்தார்கள். யார் தகுதியானவர் என்று பார்ப்பது என் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும்.

போன வருடம் பெரிய வெள்ளியன்று, தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும் லோரி ஓட்டுநர் ஒருவர் குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்தார். வேதபாடம் வாசிக்க எழுந்தவர் பீடத்தின் படியில் தடுக்கிக் குப்புற விழுந்தார். தூக்கிவிட நான்கு பேர் ஓடினார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் அவர் கோயில் பக்கம் வரவில்லை. அவர் மனைவி மட்டும் பஸ்ஸில் வந்து போனார்.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் முழுவதும் அவர் குடிக்கவில்லை. அதை அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். இன்னும் ஒரு முறை குடித்தால் சுங்கை பூலோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று கணவரிடம் சொல்லியிருப்பதையும் சொன்னார். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் இன்று சொல்ல முடியாது.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு அந்த ஓட்டுநர் போனில் கூப்பிட்டார். "சார், நாளைக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டுக்குங்க." சரி என்றேன். மனைவியின் பெயரை எழுதினேன். அவர் பெயருக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். நாற்பது நாள் போதுமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதைப் போனிலேயே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் வரிசை வரிசையாக ஆட்களைப் பீடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். போதகர் முந்தைய வரிசைக்கு அப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அந்த ஓட்டுநர் எழுந்து வந்தார். நான் குறுக்கே கை நீட்டி, பெயர் இல்லை என்றேன்.

பின்னால் நின்ற அவர் மனைவி, "நேத்து கூப்பிட்டாரே சார்," என்றார்.

"எனக்குப் போன் வரலைம்மா."

நினைத்துச் சொன்ன பொய் இல்லை. அதனால் அது சிறியதாகிவிடவும் இல்லை. முதல் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கணவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. போன் அங்கேதான் இருந்தது. நேற்று என்னைக் கூப்பிட்டது அதில் இருக்கும்; எடுத்துக் காட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"மறந்துட்டேன் போல சார்," என்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். குடித்த நாட்களில் எல்லாம் கணவர் வீட்டில் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்; மறுபடி குடித்துவிட்டார் என்றே அந்த அம்மா எடுத்துக்கொண்டிருப்பார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இருவரும் வெளியே போனார்கள். கடைசி வரிசை முடிந்ததும் நானும் போய் முழங்காலிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனேன். வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. மனைவி ஞாயிறு மாலையே தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக, என்னைக் குற்றம் சொல்லாத குரலில் அவர் சொன்னார். குடித்திருந்தாரா என்று என் மூக்கு தேடியது. அந்த நிலையிலும் தேடியது. அவர் குடிக்கவில்லை.

"உங்க பேரை நான்தான் எழுதல," என்றேன்.

"தெரியும் சார். போன்ல இருக்குலா."

"அப்புறம் ஏன் காட்டல?"

அவர் உள்ளே போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அத்தனை பேர் முன்னால விழுந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு அது வேணாம்னு பட்டுச்சு."

அவர் எதிரிலேயே அவர் மனைவியைப் போனில் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் சொன்னா எப்படி சார்? அவரை அந்த ரெண்டு வரிசையும் பார்த்துச்சே. அங்க சொல்லுங்க. நான் வந்து கேக்குறேன். அப்புறம்தான் வீட்டைப் பத்திப் பேச்சு."

அடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடங்களில் பேசியவனுக்கு நாலு வாக்கியம் வரவில்லை. அவர் கூப்பிட்டார், நான் எழுதவில்லை, போன் வரவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். அந்த அம்மா இடதுபக்கம் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் போதகரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

அன்று கணவனும் மனைவியும் பீடத்துக்குப் போனார்கள். முன்னும் பின்னுமாகத்தான் போனார்கள், சேர்ந்து அல்ல. நான் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் என் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. திரும்பி வந்த கணவர் தன் இடத்துக்குப் போகாமல் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்," என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். அவர் மனைவி ஓரத்து இடத்திலிருந்து எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.