கை நீட்டினால் இரண்டு பிள்ளை

மாதாவை நம்பிப் பிழைக்கிற அக்கா தங்கச்சிமாரே, என் மகள் ரோசி இந்த வருசம் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிவிட்டாள். அவள் எட்டு மாசக் குழந்தையாக இருந்தபோது, பெற்ற தாயான என்னால் அவளைத் தொட்டுத் தூக்க முடியாமல் போயிற்று. கண் குருடு இல்லை. கை முடமும் இல்லை. அப்படியும் முடியவில்லை. அந்த நாளில் நான் பட்ட பாட்டையும், எனக்கு வந்த உதவியையும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் பாம்பன் கரைக்காரர்கள். எங்க வீட்டுக்காரர் சூசை, வள்ளத்துச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் வேலைக்கிருந்து கடலுக்குப் போகிறவர். ஐம்பத்தாறாம் வருசம் ஐப்பசி அடைமழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல வலி. பிழைக்கமாட்டாள் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. பிழைத்துவிட்டேன். ஆனால் காய்ச்சல் விட்டு எழுந்து பார்த்தால், வாசலில் இரண்டு சூசை நின்றார்கள்.

ஒன்றைச் சமாளிப்பதே பெரும்பாடு, இதில் இரண்டா என்று அவரிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. கதவு இரண்டு, குடம் இரண்டு, கடலில் பாய் இரண்டு. முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடும். ரோசியை மாரோடு அணைத்துப் பால் கொடுக்கும்போது எனக்கு ஒரே பிள்ளை. இறக்கிவிட்டுக் கை நீட்டினால் இரண்டு பிள்ளை. எது நிஜம் என்று தெரியாது.

ஒருநாள் வடித்த கஞ்சிப்பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். ரோசி அதை நோக்கித் தவழ்ந்து போகிறாள். எனக்கு இரண்டு ரோசி போகிறார்கள். ஓடிப்போய் ஒருத்தியை அள்ளினேன். கையில் ஒன்றும் இல்லை. அதற்குள் மற்றவள் பானையில் கையை வைத்துவிட்டாள். அந்த அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சின்ன உள்ளங்கை முழுவதும் கொப்புளம். எங்க வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்து அந்தக் கையைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே தனுஷ்கோடிக்கு ஆள் அனுப்பினார். அங்கே இருப்பவர் அவருடைய அக்கா மதலேனாள். எனக்கு மதினி. மதினியின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். கல்யாணமாகிப் பல வருசமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மதினி வந்தார். ரோசியின் கையை ஊதி ஊதிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஞானம், நான் ஒண்ணும் பறிச்சுட்டுப் போக வரல. உனக்குக் கண்ணு சரியாகிற மட்டும் பிள்ளை அங்கன என்கிட்ட இருக்கட்டும். இன்னைக்குக் கஞ்சிப்பானை, நாளைக்குக் கிணறா இருந்தா என்ன செய்வ?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை அடங்கவில்லை. மாறுகண் தானாகத் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. போன பிள்ளை எப்போது திரும்பும்? திரும்பும்போது என்னை அம்மா என்று தெரியுமா? அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் செபமாலை சொல்ல, கல்லடுக்கிக் குகை போலக் கட்டின மாதா கெபிக்குப் போனோம். நான் முழங்காலில் விழுந்து, "தாயே, என் கண்ணு எப்படியும் போகட்டும். என் பிள்ளையை என்கிட்ட இருந்து பிரிச்சிராத. அவளைப் பிடிக்கிற கையைக் குடு" என்று கேட்டேன். கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினால், விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மாதா நிற்கிறார்கள். அழுகையோடு அழுகையாக, "ரெண்டு மாதா நிக்கிறாங்களே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெண்கள் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். ஒருத்தி ஓவென்று அழுதாள். ஞானம்மாளுக்கு மாதா காட்சி கொடுத்துவிட்டார் என்று விடியும் முன்னே கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

காலையில் வீட்டு வாசலில் கூட்டம். மெழுகுதிரியோடு வந்தவர்கள், நோயாளிப் பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள், கல்யாணமாகாத மகளைக் கூட்டி வந்தவர்கள். "எனக்குக் குடமும் ரெண்டாத்தான்யா தெரியுது, நீங்களும் ரெண்டாத்தான் தெரியுறீக" என்று தொண்டை வறளச் சொன்னேன். "மாதாவைப் பாத்த கண்ணுல்ல, அந்த மகிமை இன்னும் தங்கியிருக்கு" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எங்க சம்மாட்டி கூட வந்து, நாளைக்கு வள்ளத்தை வடகடலுக்கு விடவா, தென்கடலுக்கு விடவா என்று பயபக்தியோடு கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றேன். நாள் தவறாமல் அவரை வைதுகொண்டிருந்த சம்மாட்டி அன்றைக்கு அவருக்கு மரியாதை கொடுத்தார்.

இதில் ஒரு காரியம் நடந்தது. ரோசியின் துணிகளை மூட்டை கட்டியிருந்த மதினி, மூட்டையை அவிழ்த்துவிட்டார். "மாதாவே தேடி வந்த வீடு. இங்கன இருந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு" என்றார். என் மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி பூசை வைக்க வந்தார். விசயம் அவர் காதுக்கும் போயிருந்தது. பூசை முடிந்ததும் என்னைக் கெபிக்கு முன்னால் வரச் சொன்னார். ஊரே கூடி நின்றது. மதினி ரோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

சாமி தள்ளி நின்றுகொண்டு, "ஞானம்மா, மாதாவை ரெண்டாப் பாக்கிற. என்னை எத்தனையாப் பாக்கிற?" என்று கேட்டார்.

அத்தனை நாளும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஒருவர் வந்திருக்கிறார். ஆனால் இரண்டு என்று சொன்னால் மூட்டை மறுபடி கட்டப்படும். பிள்ளை ரயில் ஏறிவிடும். மாதாவை மட்டும்தான் இரண்டாகப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை என்னோடு இருப்பாள். ரோசியைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ரோசி. இரண்டு பேர் கையிலும் தீப்புண்ணுக்குச் சுற்றிய துணிக்கட்டு. அந்தக் கட்டைப் பார்த்ததும், "உங்களையும் ரெண்டாத்தான் பாக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டேன்.

சாமி ஒவ்வொரு எட்டாகக் கிட்ட வந்தார். என் மூக்குக்கு நேரே வந்ததும், "இப்ப ஒண்ணு சாமி" என்றேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மாதாவைப் பார்க்கச் சொன்னார். கண் வலித்திருந்தால் மூடிப் பார்த்திருப்பேன்; வலி இல்லாததால் அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பொத்திக்கொண்டு பார்த்தேன். ஒரே மாதா நின்றார். ஜனங்களிடம், "இது காட்சி இல்லை, சுகவீனம். மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டவேண்டும். எல்லோரும் ஞானம்மாளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார் சாமி. கூட்டம் கலைந்தது. சம்மாட்டி முகம் தொங்கிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மதினி உள்ளே போய்த் துணிகளை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மாதாவே, உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா என்று மனசுக்குள் சண்டை போட்டேன். மதினி வெளியே வந்தார். அவர் கையில் இருந்தவை அவருடைய சேலைகள்.

"ஏலே சூசை, இதைத் தொங்கப்போட ஒரு கொடி கட்டு. எனக்கும் ஒரு பாய் எடுத்துப் போடு" என்றார். என்னைப் பார்த்து, "ஊரே கும்பிட்டும் நீ பொய் சொல்லல. அப்படிப்பட்ட உன்கிட்ட இருந்து பிள்ளையை நான் எப்படிப் பிரிப்பேன்? எந்த ரோசி நெசம்னு நான் சொல்றேன், நீ பாலைக் குடு" என்றார்.

பிள்ளையைக் கொண்டுபோக வந்தவர் பிள்ளையோடு தங்கிவிட்டார். நான் அன்றைக்கு அழுத அழுகை வேறு.

மதுரைக்கு எல்லோரும் ரயிலில் போனோம். கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு கண்ணும் ஒரே சாமானை ரெண்டு இடத்துல இருந்து பாக்குதும்மா. வலது கண்ணு பாக்கிறதுக்கும் இடது கண்ணு பாக்கிறதுக்கும் துளி வித்தியாசம் இருக்கும். மூளை அதை ஒண்ணாச் சேர்த்து, அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் எது கிட்ட, எது தூரம்னு கண்டுபிடிக்குது. உங்களுக்கு இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற நரம்பு காய்ச்சல்ல அசந்துபோச்சு. அதான் ரெண்டும் சேரல" என்றார்.

எங்க வீட்டுக்காரர், "கரைவலை மாதிரிங்களா? ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே சீரா இழுக்கணும். ஒரு பக்கம் அசந்தா வலை கோணிக்கும்" என்றார்.

"அதேதான். பெரும்பாலும் அந்த நரம்பு தானா எந்திரிச்சுக்கும். மாசக்கணக்காகும், பொறுக்கணும். எந்திரிக்கலைன்னா ஆபரேசன் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. அதுவரை நாளுக்கொரு கண்ணாகக் கட்டி வைக்கச் சொன்னார். கட்டை அவிழ்க்கும் நேரத்தில் பழகுவதற்கு, நூலில் மணி கோத்து மூக்கிலிருந்து நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு மணியாகப் பார்க்கச் சொன்னார். செபமாலையை நீட்டிப் பிடித்தால் ஆகாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தாராளமாக ஆகும் என்றார்.

கண்ணைக் கட்டியதும் இரட்டை போய்விட்டது. கூடவே தூரமும் போய்விட்டது. கஞ்சியை ஊற்றினால் கிண்ணத்துக்கு முன்னாலேயே தரையில் விழும். ஊசியில் நூல் கோக்க முடியாது. வாசற்படி எவ்வளவு பள்ளம் என்று தெரியாமல் காலைத் தொப்பென்று வைப்பேன். செம்பின் விளிம்பைக் கிண்ணத்தின் விளிம்பில் முட்டவைத்து ஊற்ற மதினிதான் பழக்கினார். நான் சிந்தியதை எல்லாம் கோழி தின்று கொழுத்தது. ரோசியைத் தூக்கும்போது மதினி என் முழங்கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் எட்டு… ஆங், அங்கனதான்" என்பார்.

சாயங்காலம் செபமாலையின் ஒரு முனை என் மூக்கில், மறு முனை மதினி கையில். ஒரு பிரியதத்த மந்திரம், ஒரு மணி. முதலில் மூக்கை ஒட்டிய மணி மட்டும் ஒன்றாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் இரண்டு. பல வாரம் அப்படியே நின்றது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போன நாளும் உண்டு. "இன்னைக்கு வேண்டாம் மதினி" என்றால், "அப்ப நான் சொல்றேன், நீ பாரு" என்று அவர் மந்திரத்தைத் தொடங்கிவிடுவார். நோன்பிருக்கிற தபசு காலம் பிறந்தபோது அடுத்த மணியும் ஒன்றாகியது. பிறகு அதற்கடுத்தது. ஒருநாள் கடைசி மணியைத் தாண்டி மதினியின் விரல் ஒன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறம் மதினியின் முகம். நான் பார்க்கிற பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. செபமாலையை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குப் பண்டிகை முடிந்து மதினி ஊருக்குக் கிளம்பினார். நாங்கள் பாம்பன் ஸ்டேசனுக்குப் போனோம். அதற்குள் ரோசி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். மதினியை விட்டு இறங்கமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வண்டிக்குள் ஏறியும் மதினி அவளைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். விசில் ஊதிவிட்டது. மதினி வாசலுக்கு ஓடிவந்து பிள்ளையை நீட்டினார். பெட்டி உயரத்தில், நாங்கள் கீழே. எங்க வீட்டுக்காரர் சட்டென்று கையை நீட்டினார்.

"நீ தள்ளுலே. அவ வாங்கட்டும்" என்றார் மதினி.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஒரே பிள்ளை. எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் கை சரியாக அவள் கக்கத்தில் போய் நின்றது. யாரும் என் முழங்கையைப் பிடிக்கவில்லை. மதினி விட்டார், நான் வாங்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் போகிற மதினி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து நான் என் சுகத்துக்காக மட்டும் வேண்டுவதை விட்டுவிட்டேன். மதினி பேரைச் சொல்லாமல் என் செபமாலை முடிவதில்லை. கஷ்டத்தில் இருக்கிற அக்கா தங்கச்சிமாரே, நம்பிக் கேளுங்கள். அழுதும் கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், மாதா கோபித்துக்கொள்ளமாட்டார். உதவி இன்னார் வழியாகத்தான் வரும் என்று மட்டும் நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள். யார் என் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்து அழுதேனோ, அவர் கையிலிருந்துதான் மாதா என் பிள்ளையை எனக்குத் தந்தார்.