கருப்பு வெள்ளையில் படித்த ரத்தம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ரத்த அணுக்களுக்கென்று ஒரே ஒரு கலர் அட்லஸ்தான், படப் புத்தகம். வீட்டுக்குத் தரமாட்டார்கள். நான் கெஞ்சிய கெஞ்சலில் நூலகத்து மேடம் ஒரு மணி நேரம் மட்டும் வெளியே கொண்டுபோக விட்டார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ஓட்டம்.

"கலர் மெஷின் படுத்துடுச்சிம்மா. கருப்பு வெள்ளைன்னா இப்பவே தரேன்," என்றார் கடை அண்ணா.

"எடுங்கண்ணா!"

எனக்கு அவசரம். முந்தைய பரீட்சையில் லேப் பிராக்டிகலில் கோட்டை விட்டிருந்தேன். நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுத வேண்டும். ஈசினோபில் வகை எல்லாவற்றையும் நியூட்ரோபில் வகைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மறுபடியும் விழுந்தால் என் செட் மொத்தமும் ஆஸ்பத்திரி லேபுக்கு இன்டர்ன்ஷிப் போகும், நான் மட்டும் ஜூனியர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

செம்பாக்கம் பஸ்ஸில் என் தோழி அந்தத் தாள்களைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளும் என் வகுப்புதான், முதல் தடவையிலேயே பாஸ்.

"இன்னாடி இது, ரத்தமா? ரோட்டுல குழி விழுந்த போட்டோ மாதிரி இருக்கு! ஈசினோபில்னா ஆரஞ்சு கலர் துகள். இதுல ஆரஞ்சு எங்கடி?"

"மனசுல."

"வெளங்கிடும். போன்ல பாரேன்."

போனிலும் பார்த்தேன். ஒரு படத்தில் ஆரஞ்சு, இன்னொன்றில் ரோஸ், மூன்றாவதில் செங்கல் நிறம். தலை சுற்றியது. ஜெராக்ஸ் தாளில் அந்தத் தொல்லை இல்லை. நிறம் இல்லாததால் உருவத்தைத்தான் முறைத்துப் பார்த்தாக வேண்டும். ஈசினோபிலின் துகள்கள் ஒரே அளவில், ஜவ்வரிசியை அள்ளி அடைத்த மாதிரி. நடுவில் உட்கரு பெரும்பாலும் இரண்டு துண்டு, மூக்குக் கண்ணாடி போல. நியூட்ரோபிலுக்கு மாவு தூவியது போலப் பொடிப்பொடியாக. சாப்பிடும்போதுகூடத் தட்டுப் பக்கத்தில் தாள். "சோத்தைப் பாத்து சாப்பிடு," என்று அம்மா கத்தினாள்.

பரீட்சை நாள். சோதிக்க வந்தவர் வேறு கல்லூரி மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்தேன், சாயம் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, ஆர்வக்கோளாறு, மனசுக்குள் பாடத்தை ஓட்ட ஆரம்பித்தேன். கழுவ வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் எல்லாம் ஒரே நீலம், பேனா கசிந்த பாக்கெட் மாதிரி. ஆரஞ்சு மருந்துக்குக்கூட இல்லை. இன்னொரு ஸ்லைடு போட நேரமும் இல்லை.

மைக்ராஸ்கோப்பைத் திருகித் திருகிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் எப்போது நிறத்தைப் பார்த்துப் படித்தேன்? கடகடவென்று எண்ண ஆரம்பித்தேன். ஜவ்வரிசி, மாவு, மாவு, மாவு, ஜவ்வரிசி...

மேடம் என் ஸ்லைடைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, சொட்டு நீலம் போட்டியா? ஈசினோபில் எத்தனை எழுதியிருக்கே?"

"பதினொண்ணு, மேம்."

"இந்த இருட்டுலயா?"

அவரே உட்கார்ந்து எண்ணினார். அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூறு எண்ண இவ்வளவு நேரமா ஆகும்!

"எனக்குப் பன்னெண்டு வருது. ஒண்ணு முன்னப்பின்ன இருக்கலாம்," என்றார். "கலரே இல்லாம எப்படிப் பிரிச்சே?"

"துகள் சைஸ் பாத்து, மேம். நான் படிச்சது கருப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பையன் எண்ணிக்கையைத் தவறவிட்டான்.

"சாயத்துக்கு மார்க்கைக் குறைச்சுத்தான் போடுவேன். எண்ணினதுக்கு முழுசாப் போடுறேன். இன்டர்ன்ஷிப் எப்போ?"

"பாஸானா அடுத்த மாசம், மேம்."

"போ, போ. அங்கே சாயம் போடும்போது மட்டும் பக்கத்துல யாரையாவது கடிகாரத்தோட நிக்க வெச்சுக்கோ."

வெளியே வராந்தாவில் தோழி காத்திருந்தாள். நீலமாகிப்போன இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்து ஆட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து, "யாரது அங்கே?" என்று குரல் வர, இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம்.