மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து தெரிந்த வீடு

லீவு முடிந்து ஒஸ்லோவில் வேலைக்குத் திரும்பினால், மதியச் சாப்பாட்டு மேசையில் நோர்வேக்காரர் தவறாமல் கேட்பார்கள்: பிரான்சில் என்ன பார்த்தாய்? ஆட்டுக்கறியும் இடியப்பமும் பார்த்தேன் என்றா சொல்வது? சிரித்து மழுப்பிவிடுவேன்.

என் அண்ணை இருந்தது பிரான்சில் ஒரு சின்ன ஊர். ஆற்றின் மேல் பழைய கல்பாலம், பாதி இடிந்த கோட்டை வாசல், தேவாலயம், அதற்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரம். எங்கெங்கோ இருந்து ஆட்கள் படம் எடுக்க வருகிற இடம். நான் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவிலிருந்து நாலு தடவை போயிருக்கிறேன், ஒன்றையும் பார்க்கவில்லை. நம்மவர் பயணம் அப்படி. அங்கே ஆறு தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் சாகும்வரை குறை சொல்வார்கள். ஆறு வீட்டிலும் கை நனைத்து முடிய, புறப்படும் நாள் வந்துவிடும்.

அண்ணை தனி ஆள். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். நான் போகும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"தம்பி, இந்த முறை எண்டாலும் கோபுரத்திலை ஏறுவம். மேலை நிண்டு பாத்தா என்ரை வீடு தெரியும்."

"வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு வீட்டைப் பாக்க ஏன் அண்ணை அவ்வளவு படி ஏறோணும்?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அதோடு பேச்சு முடியும். வாய்க்கொழுப்பு எனக்கு. அந்த ஊரில் எனக்குக் காட்ட அவரிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று ஏன் உறைக்கவில்லை?

இந்த வசந்தத்தில் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடித்து, அவரின் வாடகை வீட்டைக் கழுவித் துடைத்துப் பூட்டி, திறப்பை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அன்று எந்த வீட்டுக்கும் சாப்பிடப் போகவில்லை. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

கோபுரப் படிகள் குறுகலானவை, நடுவில் தேய்ந்து குழிந்தவை. இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினேன். நாள் முழுக்க நின்று கோப்பை கழுவிய அண்ணையின் முழங்கால் இதை எப்படித் தாங்கியதோ. மேலே நின்றால் கல்பாலம் தெரிந்தது, கோட்டை வாசல் தெரிந்தது. என் கண் அவற்றில் நிற்கவில்லை. ஓட்டுக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், பேக்கரிக்குப் பின்னால் அண்ணை இருந்த மூன்றாம் மாடியைப் பிடித்தேன். யன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. கறி மணம் போகட்டும் என்று வீட்டுக்காரி திறந்துவிட்டிருக்க வேண்டும்.

உள்ளே வெறும் சுவர்தான். அந்த வீட்டைப் பார்க்க இனி எனக்கு வேறு இடம் இல்லை.

"ஓம் அண்ணை, தெரியுது," என்றேன்.